மதிய உணவு அறைப் பலகையில் ஒரு பூனை: சிரிப்பைக் கெடுக்காமல் தாவர உணவைப் பேச முடியுமா?

கத்தரிக்கோல் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று, நாளிதழில் வரும் காமிக் ஸ்ட்ரிப், அதாவது சில கட்டங்களில் முடிந்துவிடும் சிரிப்புப் படக்கதை. அப்பா படித்து முடித்த பேப்பரில் ஒன்பது வயதில் கத்தரிக்கோல் வைத்தவள், 52 வயதிலும் நிறுத்தவில்லை. 14 ஆல்பங்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் ஆறு ஆல்பங்களை மாவுப் பசை காய்ச்சி ஒட்டினேன். அவற்றை இப்போது இராமபாணப் பூச்சி பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பைத்தியம் ஏழு வருடத்துக்கு முன் பிடித்தது: தாவர உணவு. சைவம் என்று சொன்னால் பாலும் தயிரும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அதனால் தாவர உணவு என்றே சொல்கிறேன். ஏன் மாறினேன் என்று ஆரம்பித்தால் அது தனி இழையாகிவிடும். மாறினேன், நன்றாக இருக்கிறேன், நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலை செய்யும் இடத்தில் மதிய உணவு அறையில் ஒரு தக்கைப் பலகை இருக்கிறது. தீ விபத்து ஒத்திகை அறிவிப்பைத் தவிர அதில் எதுவும் இருந்ததில்லை. போன வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் இரண்டு பைத்தியத்தையும் ஒரே குண்டூசியில் குத்திவிடலாம் என்று. ஒவ்வொரு திங்களும் ஆல்பத்திலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை நகலெடுத்து மாட்டுவேன். கீழே தாவர உணவு பற்றி ஒரு வாக்கியம் எழுதுவேன்.

முதல் மாதம் நன்றாகப் போனது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று படிப்பார்கள். அப்புறம் நிற்பது குறைந்தது. போன மாதம் கார்ஃபீல்டு என்ற தீனிப் பூனை லசான்யாவை (சீஸும் கறியும் அடுக்கிய இத்தாலியப் பண்டம்) வாயில் கவிழ்த்துக்கொள்ளும் ஸ்ட்ரிப் ஒன்றை மாட்டினேன். கீழே இப்படி எழுதினேன்: “உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதம் கால்நடைகளுக்காகவே போகிறது; அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் கலோரி 18 சதவீதம்தான்.” என் சொந்தக் கணக்கு இல்லை, 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில் உள்ள எண்கள். புதன்கிழமை போய்ப் பார்த்தால், அதற்குக் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்:

“பூனையாவது சிரிக்க வைத்தது.”

அந்த ‘ஆவது’ இருக்கிறதே, அதுதான் குத்தியது.

வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டினேன். இன்னொரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. எனக்கே இப்போது பழைய மாதிரி சிரிப்பு வருவதில்லை. ‘பிளாண்டி’ ஸ்ட்ரிப்பில் பிளாண்டியின் கணவர் டாக்வுட் நடுராத்திரியில் ஃப்ரிட்ஜைத் திறந்து, கையில் ஏந்தமுடியாத உயரத்துக்கு சாண்ட்விச் அடுக்குவார் இல்லையா? முன்பெல்லாம் அதைப் பார்த்தாலே சிரிப்பேன். இப்போது அடுக்குகளை எண்ணுகிறேன்: ஹாம், சீஸ், மறுபடி ஹாம், ஏதோ ஒரு மீன் வால். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கணக்கு வருகிறது.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, ஸ்ட்ரிப்பையும் தாவர உணவையும் சேர்த்துவைக்க உருப்படியான வழி இருக்கிறதா, அல்லது இரண்டில் ஒன்றைப் பலகையிலிருந்து இறக்கிவிடவேண்டுமா? இரண்டாவது, அடுத்த வாரத்துக்கு, கீரை தின்று பலம் பெறும் மாலுமி பாப்பாயின் ஸ்ட்ரிப் எடுத்து வைத்திருக்கிறேன். பசலைக்கீரையில் இரும்புச்சத்து, அதனால்தான் அவருக்கு அந்தப் பலம் என்று எழுதலாமா?

---

மசிக்கறை எழுதியது:

ஒரு சின்னப் பத்திரிகைக்கு 11 வருடமாக வாராவாரம் நான்கு கட்டம் வரைகிறேன். பெரிய ஆள் இல்லை. ஆனால் வாராவாரம் அந்த நான்காவது கட்டத்தின் முன் உட்கார்ந்து தலையைச் சொறிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் தெரியுமா அக்கா? நான்கு கட்டத்தில் முடிந்த கதைக்கு ஐந்தாவது கட்டம் ஒட்டுகிறீர்கள்.

கடைசிக் கட்டத்துக்கு அப்புறம் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பேப்பரில் அது இரண்டு ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். வாசகர் சிரிப்பது அங்கே. நான் வரைந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை, வரையாமல் விட்ட இடத்தில்தான் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் 83 சதவீதத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்தீர்கள். எண் சரியாகவே இருக்கட்டும், உட்கார்ந்த இடம் தவறு.

ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். பல ஸ்ட்ரிப்புகளில் மேல் வரிசை தனியாக நிற்கும். தலைப்பும் ஒரு குட்டி நகைச்சுவையும் இருக்கும். இடம் போதாத பத்திரிகைகள் அதை வெட்டி எறிந்துவிடலாம், கதைக்குச் சேதம் வராது. வரைபவர்கள் அது வெட்டப்படும் என்று தெரிந்தே வரைவார்கள். நீங்கள் எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அந்த மேல் வரிசையில் எழுதுங்கள். ஸ்ட்ரிப்புக்கு மேலே, சின்னதாக. வெட்டினாலும் கேட்பாரில்லை என்ற மனநிலையில்.

இன்னொன்று. ஸ்ட்ரிப்பை ஓட்டும் எண்ணெயே ஆசைதான். கிடைக்காத ஆசை, அளவு மீறிய ஆசை, கூச்சமில்லாத ஆசை. பாப்பாயின் நண்பர் விம்பிக்கு ஹாம்பர்கர், கார்ஃபீல்டுக்கு லசான்யா, ‘பீனட்ஸ்’ நாய் ஸ்னூப்பிக்கு இரவு உணவுத் தட்டு. டாக்வுட்டையே எடுங்கள். அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. பிளாண்டியைக் கட்டிக்கொள்ள வீட்டார் சம்மதிக்கவில்லை என்று 1933இல் உண்ணாவிரதம் இருந்தார். 28 நாள், 7 மணி, 8 நிமிடம், 22 விநாடி என்று கணக்கு. கல்யாணம் நடந்தது, சொத்து போனது. இன்று உண்ணாவிரத டாக்வுட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? 1936 வாக்கில் சாண்ட்விச் அடுக்க ஆரம்பித்தார். அகராதியில் சாண்ட்விச்சுக்கே அவர் பெயர் ஏறிவிட்டது.

உங்கள் பலகையில் உண்ணாவிரத டாக்வுட் மட்டும் இருக்கிறார். எதை விட்டீர்கள் என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கு எதைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது என்று ஒரு வாரமாவது எழுதியிருக்கிறீர்களா?

‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ நினைவிருக்கும். கால்வின் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறான். அம்மா அது குரங்குத் தலை என்று சொல்கிறாள் (உள்ளே அடைத்த குடைமிளகாய்தான்). பையன் ஆசையாகச் சாப்பிடுகிறான். பக்கத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா வைட்டமினைப் பற்றி மூச்சே விடவில்லை, கவனியுங்கள்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

மேடம், பாப்பாய் ஸ்ட்ரிப்பை மாட்டுங்கள், ஆனால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். பென்சில்காரர் சும்மா விடமாட்டார். நான் அவர் இல்லை, ஆனால் அவரைப் போன்ற ஆள்.

பாப்பாய் 1929 ஜனவரி 17 அன்று ‘திம்பிள் தியேட்டர்’ என்ற ஸ்ட்ரிப்பில் வந்து சேர்ந்தார். அந்த ஸ்ட்ரிப் அதற்குள் ஒன்பது வருடம் ஓடியிருந்தது. அவர் ஒரு வழிப்போக்கப் பாத்திரம். ஆரம்பத்தில் அவருக்குக் கீரையே கிடையாது. அவரைச் சுட்டும் அவர் சாகாமல் இருந்தது ஒரு கோழியால். பெர்னிஸ் என்ற அதிசயக் கோழி. அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம். அதாவது உங்கள் கட்சியின் முதல் விளம்பர மாடல், கீரைக்கு வருமுன் கோழியை நம்பித்தான் பிழைத்தார். (சாப்பிடவில்லை, தடவினார். அது உங்களுக்குச் சாதகம்.)

கீரை வந்தபோதும் இரும்பு வரவில்லை. 1932இல், பாப்பாயை உருவாக்கிய அமெரிக்க ஓவியர் சேகர் (Segar) வரைந்த ஸ்ட்ரிப் ஒன்றில் பாப்பாய் கீரைக்குச் சொல்லும் காரணம் வைட்டமின் ஏ. ‘ஒரு வேதியியலாளர் தசமப் புள்ளியை இடம்மாற்றி வைத்துவிட்டார், பசலையில் பத்து மடங்கு இரும்பு என்று உலகம் நம்பியது, அதனால்தான் பாப்பாய்க்குக் கீரை’ என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1981இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு அது ஊரெல்லாம் பரவியது. 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் அறிஞர் அதைத் துருவிப்பார்த்தார். அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கு ஆதாரமே அகப்படவில்லை. தவறை அம்பலப்படுத்திய கதையே தவறு என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வேகவைக்காத பசலையில் 100 கிராமுக்கு 2.7 மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கிறது. மோசமில்லை. ஆனால் அதைச் சட்டென்று உடம்பு எடுத்துக்கொள்வதில்லை. வேகவைத்த பயறு வகைகளும் குறைந்தவை அல்ல. மசூர்ப் பருப்பு வேகவைத்தது 100 கிராமில் 3.3 மில்லிகிராம். கூடவே எலுமிச்சையோ தக்காளியோ, வைட்டமின் சி உள்ள எதுவோ சேர்ந்தால் தாவர இரும்பு நன்றாக ஏறும்.

அப்படியே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு வருடம் என்கிறீர்கள். பி12 எடுத்துக்கொள்கிறீர்கள்தானே? செடி கொடியில் அது நம்பும்படி கிடைக்காது. மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ வேண்டும். தாவர உணவு பேசுபவர்கள் இதை மென்று முழுங்குவதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

---

முள்கரண்டி எழுதியது:

நான் கறி சாப்பிடுகிறவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் ஏமாந்ததாக நினைக்கக்கூடாது. பென்சிலில் எழுதியது நான் இல்லை, ஆனால் பென்சில் கையில் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

உங்களுக்கு ஷ்மூ தெரியுமா? அல் கேப் வரைந்த ‘லில் ஆப்னர்’ ஸ்ட்ரிப்பில் 1948 ஆகஸ்டில் வந்த பிராணி. பார்க்க மீசை வைத்த வெள்ளைப் பூசணி மாதிரி இருக்கும், கீழே இரண்டு குட்டிக் கால். முட்டை போடும், பால் கொடுக்கும், வெண்ணெயும் கொடுக்கும். பொரித்தால் கோழி, சுட்டால் மாட்டிறைச்சி. கண்ணைப் பிடுங்கினால் பொத்தான், மீசை பல்குத்தும் குச்சி. வீணாகும் பாகமே இல்லை. இதெல்லாம் போக இன்னொரு குணம்: யாராவது பசியோடு அதைப் பார்த்தால் போதும், சந்தோஷத்தில் அங்கேயே உயிரை விட்டுவிடும்.

சாப்பிடப்படுவதே அதற்கு ஆனந்தம்.

ஜனங்களுக்கு உழைக்கத் தேவையில்லாமல் போகிறது. மளிகை விற்காது, கறி விற்காது. கடைசியில் பன்றி இறைச்சி வியாபாரத்தில் கொழுத்த முதலாளி ஒருவர் ஆள் வைத்து ஷ்மூக்களைச் சுட்டுத்தள்ளுகிறார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஷ்மூ பொம்மை, ஷ்மூ கடிகாரம் என்று ஒரே பித்து. முதலாளித்துவத்தைக் கிண்டல் செய்கிறது என்று ஒரு கூட்டம், உழைப்பைக் கேவலப்படுத்துகிறது என்று இன்னொரு கூட்டம், அடித்துக்கொண்டார்கள்.

நான் இதை ஒரு பழைய தொகுப்பில் படித்தேன். அரசியல் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் நின்றது. சாகும்போது சிரிக்கும் ஒரு விலங்கை நாம் ஏன் கற்பனை செய்யவேண்டியிருக்கிறது? நிஜ விலங்கு சிரிப்பதில்லை என்று நமக்குத் தெரியும் என்பதால்தானே. கோழிக்கடைப் பலகையில் சமையல்காரத் தொப்பி போட்டுக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் கோழிப் படத்தை அதற்கப்புறம் என்னால் பழைய மாதிரி பார்க்கமுடியவில்லை. அதுவும் ஷ்மூவின் பேத்திதான்.

அன்று ராத்திரியும் கோழிதான் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் 83 சதவீதம் என்னை ஒன்றும் செய்யாது அம்மா. இந்த வெள்ளைப் பூசணி என்னைக் கொஞ்சம் செய்தது. கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல் அதை மாட்டிப் பாருங்கள்.

---

கத்தரிக்கோல் எழுதியது:

அப்பாடா, இத்தனை பேரா. நன்றி.

சந்தேகப்பிராணி சார், பி12 எடுக்கிறேன், முதல் வருடத்திலிருந்தே. பெர்னிஸ் கோழி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. 14 ஆல்பம் வைத்திருப்பவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

மசிக்கறை தம்பி, ஐந்தாவது கட்டம் என்ற அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆனாலும் ஒரு வாதம் செய்யாமல் விடமாட்டேன். பிரச்சாரமும் ஸ்ட்ரிப்பும் ஒட்டாது என்ற தொனி உங்கள் பதிலில் இருக்கிறது. அப்படியானால் ‘மட்ஸ்’ என்ற நாய்-பூனை ஸ்ட்ரிப்? பேட்ரிக் மெக்டோனல் 1994இலிருந்து வரைகிறார். விலங்கு நலத்துக்காக வெளிப்படையாகவே நிற்பவர். காப்பகத்தில் தத்துக்குக் காத்திருக்கும் நாய் பூனைகளைப் பற்றி வாரக்கணக்கில் ஸ்ட்ரிப் போடுவார். ‘பிசாரோ’ என்ற ஒற்றைக் கட்டச் சித்திரம் வரைந்த டான் பிராரோ வீகன், அதாவது நம்மைப் போல தாவர உணவுக்காரர். அவருடைய ஒற்றைக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் முயலையும் கண்விழியையும் ‘பை’ (pie) பலகாரத் துண்டையும் டைனமைட் குச்சியையும் தேடித்தேடி நான் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன் தெரியுமா? கையெழுத்துக்கு மேலே ஒரு எண் இருக்கும், எத்தனை ஒளித்திருக்கிறார் என்று. அந்த எண் 5 என்றால் ஐந்தாவதைக் கண்டுபிடிக்காமல் நகரமாட்டேன். மாடும் கோழியும் பேசும் கட்டங்களில் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் செய்கிறார். சிரிப்பும் வருகிறது. இவர்களால் முடிகிறதே?

முள்கரண்டி சார், நீங்கள் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்ட தோரணையில் உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஷ்மூ என்னிடம் இல்லை. தேடுகிறேன்.

---

மசிக்கறை எழுதியது:

ஒட்டாது என்று சொல்லவில்லை அக்கா. அவர்கள் ஒட்டும் விதம் வேறு என்கிறேன்.

‘மட்ஸ்’ பற்றி நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். அதில் காவல் நாய் ஒன்று உண்டு, சங்கிலியில் கட்டப்பட்டது. சங்கிலி தவறு என்று வாசகர் கடிதம் போல ஒரு வரி எழுதி முதல் வருடத்திலேயே முடித்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? சங்கிலியை வரைந்துகொண்டே இருந்தார். நாய் எட்டும் தூரம் வரை வரும், சங்கிலி இழுக்கும், நிற்கும். மற்ற கட்டங்களில் பூனையும் குட்டி நாயும் இஷ்டத்துக்கு ஓடும். இப்படியே 29 வருடம். 2023இல்தான் அவிழ்த்தார். டூஸி என்ற சிறுமியின் வீட்டுக்கு அந்த நாய் போனது. அதற்கு ஸ்பார்க்கி என்று பெயரும் வந்தது. ‘பீனட்ஸ்’ வரைந்த ஷூல்ஸின் செல்லப்பெயர் அது. அந்த வாரம் எத்தனை பேர் அழுதார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

29 வருடம் சங்கிலியைப் பார்த்தவர்கள்தான் அழுதார்கள். உங்கள் பலகைக்கு ஒரு வருடம்தான் ஆகிறது. நீங்கள் திங்கள்கிழமைதோறும் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறீர்கள்.

பிராரோ விஷயத்திலும் பாருங்கள், உங்களை பஸ்ஸை விடவைத்தது அவருடைய கொள்கையா, அந்த முயலா?

அப்புறம் திங்கள்கிழமை. கார்ஃபீல்டை திங்கள்கிழமை மாட்டிவிட்டு அவர் வாயால் புத்தி சொல்லவைத்தால் அந்தப் பூனையே உங்களை மன்னிக்காது. அதற்கு மிகவும் வெறுப்பான நாள் அது.

---

கத்தரிக்கோல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் மாட்டவில்லை. பலகையில் தீ விபத்து ஒத்திகை மட்டும் தனியாகத் தொங்கியது. யாரும் கேட்கவில்லை. அதுவும் கொஞ்சம் வலித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம் டாக்வுட். சாண்ட்விச் ஸ்ட்ரிப்பில் நல்லது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுத்தே இல்லாமல் மாட்டினேன். கீழே மேசையில் ஒரு சாண்ட்விச் வைத்தேன். வைத்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், அதற்கு முந்தின ராத்திரி இரண்டு மணி நேரம் ஆனது. சோயா சாஸில் ஊறவைத்து முறுக வறுத்த காளான். மசித்த கொண்டைக்கடலை, பூண்டும் எலுமிச்சையும் போட்டு. சுட்டுத் தோலுரித்த குடைமிளகாய், தோல் கருகிய இடத்தில் ஒரு புகை வாசனை வருமே, அது. வறுத்த கத்தரிக்காய் வில்லை. வெள்ளரி, தக்காளி, வெங்காயம். மறுபடி காளான். நடுவில் ரொட்டி மூன்று இடத்தில். உச்சியில் குச்சி குத்தி ஓர் ஆலிவ், படத்தில் இருக்கிற மாதிரியே. அடிக்கோல் வைத்து அளந்தேன், 23 சென்டிமீட்டர்.

காலை பத்தரைக்கு அது சாய்ந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் தக்காளி வழுக்கியது, பிறகு மேல் மாடி மொத்தமும் மெதுவாக, யாரோ உட்காரப்போவது மாதிரி, தட்டுக்கு வெளியே இறங்கியது. ஆலிவ் உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு வருடத்தில் டாக்வுட் என்னை மறுபடி சிரிக்கவைத்தது அப்போதுதான்.

சரிந்ததைக் கத்தியால் வெட்டி வைத்தேன். மதியத்துக்குள் தட்டு காலி. இதில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, மசிக்கறை தம்பி சத்தியமாக. ஒருவர் கேட்டார், சீஸ் எங்கே என்று. கடலையில் இருக்கிற புளிப்பை சீஸ் என்றே நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார். இல்லை என்றேன். “ஓ” என்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஸ்ட்ரிப்பின் அடியில் அதே பென்சில், அதே கையெழுத்து:

“உப்பு குறைவு.”

உண்மைதான், குறைவுதான்.

இந்த வாரம் பாப்பாய், கோழியோடு. பெர்னிஸ் உள்ள ஒரு நகல் ஒரு மறுபதிப்புத் தொகுப்பில் கிடைத்தது. மேலே சின்னதாக, வெட்டத்தக்க அளவில், ‘கீரைக்கு முன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஷ்மூவும் கிடைத்தது, இன்னும் மாட்டவில்லை. ஆல்பத்தில் வைத்துத் தினமும் ஒரு தடவை பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு சாப்பாட்டு அறைக்குத் தாங்குமா என்று சந்தேகமாக இருக்கிறது, முள்கரண்டி சார்.

---

முள்கரண்டி எழுதியது:

அவசரம் இல்லை. அது எங்கேயும் ஓடாது, அதுதானே அதன் பிரச்சினையே.

அந்தக் கொண்டைக்கடலையில் பூண்டு பச்சையா, வறுத்ததா? சும்மா கேட்கிறேன்.

---

கத்தரிக்கோல் எழுதியது:

முழுப்பூண்டாகச் சுட்டுப் பிதுக்கியது. சும்மா கேட்பவர்களுக்கும் அதே அளவுதான்: இரண்டு கோப்பை வெந்த கடலைக்கு ஒரு முழுப்பூண்டு. உப்பு தாராளமாக.

இழைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி, மன்னிக்கவும். அந்த இராமபாணப் பூச்சிக்கு யாராவது வழி சொல்லுங்கள். நேற்று பார்த்தால் ஸ்னூப்பியின் வீட்டுக் கூரையில் பாதியைக் காணோம்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

அது உங்கள் மாவுப் பசையைத் தேடித்தான் வருகிறது, மாவு அதற்கு விருந்து. மருந்து அடிக்காதீர்கள், தாளில் கறை விழும். ஆல்பத்தைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துவிடும். நாளிதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் உண்டு, எப்படியும் மஞ்சளாகும். முக்கியமானவற்றை அமிலமில்லாத தாளில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் மாவுப் பசை வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம். அது மாவைத் தின்கிற பிராணி, அதாவது உங்கள் கட்சி. அதைக் குளிரில் கொல்வது உங்களுக்குச் சம்மதமா?

---

கத்தரிக்கோல் எழுதியது:

இந்தக் கேள்வியை யார் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேனோ அவரே கேட்டுவிட்டார்.

ஆல்பத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கமாகத் தூரிகையால் தட்டினேன். ஏழு பேர் வெளியேறினார்கள். முட்டைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. இரண்டாம் ஆல்பம் இப்போது பையில் கட்டி ஃப்ரீசரில் இருக்கிறது, பட்டாணிக்கும் சோளத்துக்கும் நடுவில்.